இடது தோளுக்குப் பின்னால்

பக்கத்து வீட்டு அன்ரி என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். என் இடது தோளுக்குப் பின்னால், காதுக்குச் சற்றுக் கீழே ஓர் இடம் இருக்கிறது. அதைப் பார்த்தபடிதான் பேசுவார். கல்யாணமாகி நான் ஸ்கந்தபுரத்துக்கு வந்த முதல் கிழமை, வேலிப் படலையில் நின்று பால்போத்தலை நீட்டினார்.

"நீதானே புதுப் பிள்ளை? பால் தண்ணியாக் கிடந்தாச் சொல்லு, மாட்டைப் பேசிவிடுறன்."

சிரிப்பு எனக்கு, பார்வை எனக்குப் பின்னால். நான் திரும்பிப் பார்த்தேன். முற்றமும் கொடியில் காய்ந்த சாரமும்தான் இருந்தன.

"ஒண்டும் இல்லை," என்றார். "எல்லாரும் ஒருக்காத் திரும்பித்தான் பாக்கிறவை."

உண்மைதான். ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது திரும்பியிருந்தார்கள். சந்திக் கடைக்காரர் அவர் வருவதைக் கண்டால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் சாமான் கட்டுவார். கோயிலில் திருநீறு கொடுத்த ஐயர், விளக்கு அணைந்துவிட்டதோ என்று மூலஸ்தானத்தைத் திரும்பிப் பார்த்ததை நானே கண்டேன். அவருக்கு இதெல்லாம் தெரியும். சில நேரம் வேண்டுமென்றே செய்கிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன். பிறகு அப்படி நினைத்ததற்கு வருந்தியிருக்கிறேன்.

எங்கள் கல்யாண அல்பத்தைக் காட்டியபோது அவர் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, பொம்பிளையையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் எங்களுக்குப் பின்னால் நிற்பவர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார்.

"இது ஆர், பந்தல் காலுக்குப் பக்கத்தில?"

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். எனக்குத் தெரியவில்லை. என் கணவரிடம் கேட்டேன், மாமியிடம் கேட்டேன், அம்மாவுக்குப் படத்தை அனுப்பிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வீடு நிறைந்த சனத்தில் யாரோ ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனாலும் அதன்பிறகு அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வேலியும் ஒரு வாய்க்காலும் மட்டும். புருசன் முன்னமே இல்லை. மூன்று மாடுகளும் ஒரே மகனும். அந்த மகன் நான் வருவதற்குக் கொஞ்ச மாதம் முன்னர் ஜோர்ஜியாவில் வைத்துத் தொடர்பு அறுந்து போனவன்.

"முந்தி இப்பிடி இல்லைப் பிள்ளை," என்று மாமி ஒருநாள் அரிசி புடைத்தபடி சொன்னார். "முகத்துக்கு நேர பாத்துத்தான் கதைப்பா. அவன் போன் எடுக்காம விட்ட பிறகுதான் இப்பிடிப் பாக்கப் பழகினவ. நீ அவவோட கனக்கப் போன் நோண்டாத. நம்பிக்கை குடுக்கிறதும் ஒரு பாவம்தான்."

மகன் படிப்பு விசாவில் போனவன். படிப்பு ஒரு சாட்டு. அங்கிருந்து துருக்கிப் பக்கமாக எல்லை தாண்டி ஐரோப்பாவுக்குள் போய்விடலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். எல்லைக்குக் கிட்டக் கடலோர நகரம் ஒன்றில் ஐந்தாறு பேரோடு ஓர் அறையில் காத்திருந்தான். அவன் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் இடது ஓரத்தில் ஓடி விளையாடியவன், பதினோராம் இலக்கம். கழகத்தின் பச்சை ஜேர்சியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினானாம். என் கணவர் அந்தக் கழகத்தின் செயலாளர் என்பதால் இந்த விபரமெல்லாம் எனக்கு வந்தபடியே இருந்தது.

கடைசி அழைப்பு ஒரு பின்னேரம். அன்ரி பால் கறந்துகொண்டிருந்தார். அந்த அழைப்பை அவர் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் சொல்வார்.

"அம்மா, மட்ச் பாக்க வந்து நிக்கிறன். சத்தம் கேக்குதோ? இஞ்ச ஒரு பெடியன் இடப்பக்கத்தால ஓடுறான், பந்து காலில ஒட்டின மாதிரி. நான் அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறன். போனில பாருங்கோ, அவன் ஓடேக்க பின்னால என்னைக் காட்டுவாங்கள்."

"மாடு கத்துது தம்பி, பிறகு எடு."

அதோடு சரி. மறுநாள் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேறு திசைக்குப் போய்விட்டார்கள். ஏஜென்டின் இலக்கம் வேலை செய்யவில்லை.

அவரிடம் மகன் வாங்கிக் கொடுத்த நல்ல போன் ஒன்று இருந்தது. அதில் அவர் எதையும் பார்க்கமாட்டார். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் தவறிவிடுமாம். இடுப்பில் செருகிய சீலைத்துண்டுக்குள் அது எப்போதும் முழுச் சார்ஜோடு இருக்கும். ஆகவே பார்ப்பது என் போனில். பின்னேரப் பாலைக் கொண்டு வந்து குசினி வாசலில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்வார்.

"எங்க வேலை செய்தாலும் மட்ச் எண்டா அவன் போகாம இருக்கமாட்டான், பிள்ளை. அந்தப் பெடியனைப் போடு."

மகன் சொன்ன அந்த ஆட்டத்தை வைத்து அவன் யார் என்று என் கணவர்தான் தேடிக் கண்டுபிடித்தார்; அந்தப் பெடியனை எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. அப்போது அவன் தன் நாடான ஜோர்ஜியாவில்தான் விளையாடிக்கொண்டிருந்தான். வெளியில் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. காலுறையைக் கணுக்காலுக்கு இறக்கி விட்டிருப்பான். தோள்கள் கொஞ்சம் கூனியிருக்கும். பந்து வந்ததும் எதையோ மறந்துவிட்டவன் மாதிரி ஒரு கணம் நிற்பான். எதிரில் நிற்பவனும் நிற்பான். பிறகு பார்த்தால் இவன் அவனைத் தாண்டி எங்கோ போயிருப்பான். எப்படிப் போனான் என்பதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாலும் எனக்குப் பிடிபட்டதில்லை.

அன்ரி அதைப் பார்க்கவே மாட்டார். அவன் கோட்டோடு கோடாக ஓடும்போது கமெராவும் கூட ஓடும். அவனுக்குப் பின்னால் சனம் வரிசை வரிசையாக நகரும். அந்த வரிசையில் ஒரு பச்சை ஜேர்சி. அவர் தேடியது அதைத்தான். பெடியன் திடீரென்று உள்பக்கம் வெட்டிக் கோலை நோக்கிப் போனால் கமெராவும் சனத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விடும். உடனே அன்ரி நாக்கைச் சப்புவார்.

"பாத்தியே, உள்ளுக்க போயிட்டான். இனி கோல்தான்."

கோல் விழும். வர்ணனை செய்பவர் தொண்டை கிழியக் கத்துவார். என் கணவர் உள்ளேயிருந்து ஓடிவருவார். அன்ரி மட்டும் சலித்துக்கொண்டு, "திருப்பி விடு, கோட்டில நிண்ட இடத்தில இருந்து விடு" என்பார்.

நான் படித்தவள் என்பதால் என்னிடம் வேலை வாங்கினார் என்று மாமி சொல்வார். உண்மையில் நானாகத்தான் பழகிக்கொண்டேன். படத்தை நிறுத்த, ஒவ்வொரு துண்டாக நகர்த்த, இரண்டு விரலால் பெரிதாக்க. பெரிதாக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். கண் எது வாய் எது என்று தெரியாது. அந்த உடைந்த முகங்களுக்குள் அவர் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "இல்லை. இல்லை. இது பொம்பிளை. இல்லை." பொறுக்கிய அரிசியில் கல் பார்ப்பது போல.

பிறகு அந்தப் பெடியன் இத்தாலிக்குப் போனான்.

எங்கள் ஊர்ப் பெடியங்களுக்கு அது தங்கள் வீட்டுக் கொண்டாட்டம் மாதிரி. தங்கள் தோழன் ஒருவன் நேரில் இருந்து பார்த்த ஆட்டக்காரன் இப்போது உலகத்துக்கே தெரிந்தவனாகிவிட்டான். வயல் வெட்டிய கையோடு மைதானத்துக்கு வந்து காலுறையைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டு விளையாடினார்கள். காலுறை இல்லாதவர்கள் வெறுங்காலைத் தடவி இறக்குவது போலப் பாவனை செய்தார்கள். அந்த ஆண்டு அவனுடைய அணி அங்கே முதலாவதாக வந்தது. என் கணவர் கடைக்குப் போய் மிக்சர் வாங்கி வந்து பங்கிட்டார்.

அன்ரிக்கு மட்டும் அது இழப்பு. அங்கே அரங்கு நிறைய வேறு சனம். ஆட்டமும் எங்களுக்கு நடுச்சாமத்தில். மறுநாள் காலையில் பால் கொண்டு வரும்போதுதான் பார்ப்போம். பார்த்தும் பிரயோசனமில்லை.

"மேல போறான், பிள்ளை," என்றார். "அவன் மேல போகப் போக அவனுக்குப் பின்னால எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

மகள் பிறந்தது அந்தக் காலத்தில்தான். நாலாம் மாதத்தில் ஒருநாள் பால் கொடுத்துவிட்டு நிமிர்த்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். தோளை மாற்றிப் போட்டேன். தலையைத் திருப்பி மீண்டும் அதே இடத்தைத் தேடினாள். அன்று முழுக்கப் போனில் வாசித்தேன். மிட்வைஃப் மிஸ் வந்தபோது கேட்டேன். இந்த வயதில் பிள்ளைகள் வெளிச்சமும் நிழலும் சேரும் ஓரங்களைத்தான் பார்ப்பார்கள், பயப்படாதீர்கள் என்றார். தலையாட்டினேன். மாமி கன்னத்தில் பெரிதாக ஒரு கறுத்தப் பொட்டு வைத்துவிட்டார். அதற்கும் தலையாட்டினேன். இரண்டில் எதை நான் நம்பினேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

அன்ரி மகளைத் தூக்கினால் அவள் அழுததே இல்லை. இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒரு காலை, பால்போத்தலை வைத்துவிட்டு, "இண்டைக்கு அவன் இறங்கான்," என்றார்.

"ஆர் அன்ரி?"

"அந்தப் பெடியன்தான். கால் ஏலாது."

நான் சிரித்துவிட்டேன். அடுத்த நாள் செய்தி பார்த்தபோது சிரிக்கவில்லை. பயிற்சியில் காலில் அடிபட்டுவிட்டது, சில கிழமைகள் ஓய்வு என்று போட்டிருந்தார்கள். வாசித்துக் காட்டினேன். அன்ரி வெறும் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாறியே பிள்ளை? தனியாப் போகப் பயமாக் கிடக்கு."

போனேன். சீலைத் தலைப்பை அவிழ்த்து, வெள்ளித் தகட்டில் வெட்டிய ஒரு காலை எடுத்தார். கை கால் வருத்தம் தீரவேண்டும் என்று நேர்ந்தவர்கள் உண்டியலில் போடுவது. பெருவிரலளவுதான் இருக்கும்.

"உங்களுக்குக் காலில என்ன?"

"எனக்கில்லை. வலக்கால் இது. இடப்பக்கத்தால ஓடினாலும் வலக்காலாலதான் அடிக்கிறவன்." சன்னிதியைப் பார்த்துத்தான் நின்றார், ஆனால் கண் அம்மாளுக்கும் பின்னால் இருந்தது. "நான்தான் கேட்டனான், பிள்ளை. ஒரு சின்ன நோ. எலும்பு கிலும்பு முறியாம. விளையாடேலாம ஊருக்குத் திரும்பி வந்து, தன்ர பழைய மைதானத்தில ரெண்டு மட்ச் விளையாடினானெண்டாப் போதும் எண்டுதான் கேட்டனான். அம்மாள் உடன குடுப்பா எண்டு நான் நினைக்கேல்லை."

"அது தற்செயல் அன்ரி. விளையாடிறவைக்கு அடிபடும்தானே."

"ஓம். அப்பிடித்தான் நானும் சொல்லிக்கொண்டு இருக்கிறன்."

அன்று பின்னேரம் அவர் கொண்டுவந்த பாலை நான் மகளுக்குக் கொடுக்கவில்லை. கண்ணால் காணாத ஒரு தாயின் பிள்ளைக்கு நோவு கேட்கக்கூடிய ஒருவர், என் பிள்ளையைத் தினமும் மடியில் வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். கொட்டவும் மனம் வரவில்லை. முழுதையும் தேத்தண்ணிக்கு ஊற்றி நானே குடித்தேன். மறுநாள் அவர், "பிள்ளை வடிவாக் குடிச்சவளே?" என்று கேட்டபோது ஓம் என்றேன். அவர் போன பிறகு குசினிக்குள் நின்று அழுதேன். எதற்கென்று சரியாகத் தெரியவில்லை.

கால் சுகமாகி அந்தப் பெடியன் திரும்ப விளையாடத் தொடங்கினான். தன் நாட்டு அணிக்காக இடைக்கிடை ஜோர்ஜியாவுக்கும் வந்தான். அந்த நாட்கள் அன்ரிக்குப் பெருநாள். ஆட்டம் எங்களுக்கு விளக்கு வைத்த கையோடு தொடங்கும். அன்று மாடுகளை நேரத்தோடு கட்டிவிட்டு, முழுகி, பயறு வறுத்துச் சர்க்கரை போட்டுக் கிண்ணத்தில் கொண்டு வருவார். "என்ர தம்பிக்கு மட்ச் முடியப் பசிக்கும்" என்று ஒரு தடவை சொன்னார். எந்தத் தம்பி என்று நான் கேட்கவில்லை.

அப்படியொரு நாளில்தான் அது நடந்தது. பெடியன் கோட்டோடு நின்று பந்தை வாங்கினான். நான் படத்தை நிறுத்தித் துண்டு துண்டாக நகர்த்தினேன். மடியில் இருந்த மகள் சிணுங்க, அன்ரி குனிந்து அவளைத் தட்டினார். அந்த நேரம் திரையில் ஒரு பச்சை வந்தது.

மூன்றாம் வரிசை. சுற்றியிருந்த எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா முகமும் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பச்சை ஜேர்சிக்காரன் மட்டும் நேராகப் பார்த்தான். ஆட்டத்தை அல்ல, கமெராவை. என்னை. முகம் கட்டம் கட்டமாக உடைந்துதான் இருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்தான் என்பதில் சந்தேகமில்லை. இல்லை, இதை எழுதும்போது சந்தேகம் வருகிறது. அப்போது வரவில்லை.

என் விரல் தானாக இழுத்தது. படம் நகர்ந்துவிட்டது. அன்ரி நிமிர்ந்தார்.

"இருக்குதே?"

"இல்லை அன்ரி."

மாமி சொன்னதுதான் காரணம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை கொடுப்பது பாவம். பிழையாக இருந்தால் அவர் இன்னொரு தடவை உடைந்து போவார். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான். மறுநாள் அவர் இல்லாத நேரம் அதே ஆட்டத்தை எடுத்து, அதே ஓட்டத்தைத் தேடிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் கொடி பிடித்த ஒரு சின்னப்பிள்ளை இருந்தது. நான் வேறு நிமிடத்தைப் பார்த்திருக்கலாம். வேறு கமெராவாக இருந்திருக்கலாம். பல தடவை பார்த்தேன். கொடி பிடித்த பிள்ளைதான்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்து, ஒவ்வொரு நாளும் பால் வாங்கிக்கொண்டேன். இப்படியே மாதங்கள் போயின. அதற்குள் அந்தப் பெடியன் பிரான்சுக்குப் போய் இன்னும் பெரியவனாகிவிட்டான். இதற்கிடையில் அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் நான் செய்தேன்.

எங்கள் பகுதியில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் ஞாபகார்த்தமாகத்தான் நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஜேர்சி அடித்துக் கொடுப்பார்கள். முதுகில் இறந்தவரின் படம், பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இறந்த ஆண்டு. அந்த முகத்தைச் சுமந்துகொண்டு பெடியங்கள் விளையாடுவார்கள். யாருக்கும் அது வித்தியாசமாகத் தோன்றாது. அந்த முறை லண்டனில் இருக்கும் பழைய தோழன் ஒருவன், ஜோர்ஜியாவுக்குப் போனவனின் படத்தைப் போட்டு ஜேர்சி அடித்துத் தருகிறேன் என்றான்.

"ஞாபகார்த்தம் எண்டு போடேல்லை," என்றார் என் கணவர். "எங்கட பதினொண்டு எண்டுதான் போடப் போறம். அன்ரிக்குச் சந்தோசமா இருக்கும். நீர் படிச்சனீர்தானே, அச்சடிக்க முன்னம் எழுத்துப்பிழை பாத்து விடும். படமும் ஒண்டு வாங்கித் தாரும்."

அன்ரியிடம் படம் கேட்டேன். எதற்கென்று கேட்பார், சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து உடனே எடுத்துக் கொடுத்தார். வெளியில் எங்கோ விசாரிக்கக் கேட்கிறேன் என்று எண்ணியிருப்பார் போல. நானும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. எழுத்துப்பிழை இல்லை. பெயர் சரி. பிறந்த ஆண்டு சரி. அதற்குப் பக்கத்தில், அவர்கள் எப்போதும் போடும் அந்தக் கோடு. கோட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லை, வெறும் பச்சை. நான் அதைக் கண்டேன். இதை எடுக்கச் சொல்லவேண்டும் என்றும் நினைத்தேன். மகள் எதையோ வாய்க்குள் வைத்துவிட்டாள் என்று எழுந்து ஓடினேன். திரும்பி வந்து "சரி" என்று அனுப்பிவிட்டேன்.

போட்டியன்று பின்னேரம் அன்ரி மைதானத்துக்கு வந்தார். வழமைபோல இடப்பக்கக் கோட்டுக்கு வெளியில் போய் நின்றார். நானும் மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எங்கள் அணி பந்தோடு எங்களைத் தாண்டி முன்னுக்கு ஓடியது. ஓடிய ஒவ்வொரு முதுகிலிருந்தும் அவருடைய மகன் எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்தில் நின்ற பெண்களின் கதை நின்றுவிட்டது. முதுகில் முகம் போட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவர் மைதானத்தின் அந்தப் பக்கத்தில் கையைத் தலையில் வைத்தபடி நின்றார். அவருக்கும் அப்போதுதான் புரிந்திருந்தது.

அன்ரி அழவில்லை. ஆட்டம் முடியும்வரை நின்றார். பெடியங்கள் எங்களை நோக்கி ஓடி வந்தால் அவர்கள் அவர்களாக இருந்தார்கள்; விலகி ஓடினால் எல்லோரும் அவனாகிவிட்டார்கள்.

"நான் இவ்வளவு நாளும் பின்னால பாத்தா எல்லாரும் என்னை விசரி எண்டுதான் நினைச்சனீங்கள்," என்றார். "இப்ப நீங்களே அவனை முதுகில ஒட்டி விட்டிட்டீங்கள்."

ஆட்டம் முடிந்து ஒருவன் தயங்கித் தயங்கி ஒரு புது ஜேர்சியைக் கொண்டு வந்து கொடுத்தான். அவர் அதை விரித்து, முகத்தைப் பார்க்காமல், கீழே இருந்த எழுத்தைத் தடவினார்.

"இந்தக் கோடு என்னத்துக்குப் பிள்ளை?"

"அது… அச்சுக்காரர் எப்பவும் போடுறது அன்ரி."

"ஓ. அப்ப மிச்சத்தை ஆர் எழுதிறது?"

அதன்பிறகு அவர் மட்ச் பார்க்க வரவில்லை. பால் மட்டும் வந்தது. அந்தப் பெடியன் தன் நாட்டுக்கு வந்து விளையாடிய நாளும் அவர் வராமலே கழிந்தது. அடுத்த நாள் காலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனேன். அவர் வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, நான் ஒரு பொய் சொன்னனான். அண்டைக்கு ஒரு பச்சை ஜேர்சி தெரிஞ்சது. நான் இழுத்து விட்டிட்டன்."

அவர் வைக்கோலை மாட்டுக்கு முன்னால் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார்.

"தெரியும். நீ விரலை இழுத்தனி. நான் பிள்ளையைத் தட்டினாலும் உன்ர விரலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா நீ காட்டியிருப்பாய். அவன் இல்லையெண்டா ஒரு மாதிரித் தாங்கியிருப்பன். அவன்தான் எண்டா? அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு அம்மாவுக்குப் போன் எடுக்கேல்லை எண்டுதானே ஆகும்." மாட்டின் நெற்றியைத் தடவினார். "பாத்து முடிச்சா, பிறகு நான் எங்க பாக்கிறது பிள்ளை?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தை. கண்ணுக்கு நேர் கண். அவருடைய கண்கள் இவ்வளவு மங்கலான மண்ணிறம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதே நேரம் என் தோளுக்குப் பின்னால் ஏதோ குறைந்தது போல இருந்தது. நெருக்கமான பஸ்ஸில் பின்னால் நின்றவர் இறங்கிவிட்டால் முதுகில் காற்றுப் படுமே, அதுபோல. மகள் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பி, பிறகு படலையை, பிறகு தெருவைப் பார்த்தாள். நகர்ந்து போகும் ஒன்றைப் பார்ப்பது மாதிரி.

அன்றிலிருந்து அவர் எல்லோரையும் நேராகப் பார்த்துப் பேசினார். ஊருக்கு அது நிம்மதி. கடைக்காரர் சுவரை விட்டு முன்னால் வந்தார். மனம் தேறிவிட்டது என்று மாமி சொன்னார். எனக்குத்தான் பயம் கூடியது. காரணத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மாரி தொடங்கிய ஒரு காலை பால் வரவில்லை. போய்ப் பார்த்தபோது மாட்டுக்கொட்டிலில் சரிந்து கிடந்தார். இதயம் என்றார்கள். இடுப்பில் போன் முழுச் சார்ஜோடு இருந்தது.

பூவரசங்குளத்தில் இருந்து அவருடைய தங்கையின் மகன் கொள்ளி வைக்க வந்தான். தூக்குவதற்குக் கழகத்துப் பெடியங்கள். ஊரில் செத்தவீடு என்றால் கழகத்தார் ஜேர்சி போட்டுத்தான் தூக்குவார்கள். என் கணவர் குசினி வாசலில் வந்து நின்றார். கையில் பச்சை ஜேர்சி.

"பழசெல்லாம் கிழிஞ்சு போச்சு. இதுதான் கிடக்கு. போடலாமோ? நீர் சொல்லும்."

முன்னரும் ஒருமுறை என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள். அன்று எழுத்துப்பிழை பார்த்தேன். இன்று அந்தக் கோட்டையும் பார்த்தேன்; அப்பால் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது.

"போடுங்கோ," என்றேன். "அவன்தான் தூக்கவேணும்."

பெண்கள் படலை வரைக்கும்தான் போனோம். அதற்கு மேல் எங்களுக்கு வழக்கமில்லை. பறைச்சத்தம் முன்னால் போக, நாலு பேர் தோளில் அவரைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் தெருவால் நடந்தார்கள். நாலு முதுகிலிருந்தும் அவன் எங்களைப் பார்த்துக்கொண்டே போனான். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இடுப்பில் இருந்த மகள் கையைத் தூக்கி, தெரிந்த ஒருவருக்குக் காட்டுவது போல ஆட்டினாள்.

எனக்கு அவள் கையைப் பிடித்து இறக்கவேண்டும் போலிருந்தது. உள்ளே போய்விடவேண்டும் போலவும் இருந்தது. இறக்கவில்லை. தெரு வளையும் இடம் வரைக்கும், அந்தப் பச்சை மறையும் வரைக்கும், நான் கண்ணை எடுக்கவில்லை.